மூவாயிரத்து எண்ணூறு சுற்று

1997 பெப்ரவரி 3, திங்கள்

காலை -19. காற்றோடு பார்த்தால் இன்னும் மோசம் என்று ரேடியோ. கார்க் கதவுகள் உறைந்துவிட்டன. இவர் கேத்திலில் கொதிதண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, அந்தத் தண்ணீரும் கதவோடு சேர்ந்து உறைந்தது. கடைசியில் பின்மூடியால் ஏறி உள்ளே போனேன். பிறகு மயூவைப் பார்சல் மாதிரி நீட்டினார். பதினான்கு மாதப் பிள்ளைக்கு மூன்று உடுப்பு, மேலே கோட், அதற்கு மேலே போர்வை. ஆனாலும் இருமல்.

செய்ய:
- இருமல் மருந்து
- இரண்டாம் மாடி ராணி அன்ரியிடம் எங்கள் வீட்டுத் திறப்பு, மேலதிகச் சாவி, ஒன்று கொடுக்க (இவருக்குப் பின்னேர வேலை. நான் வரும்வரை மயூ அன்ரியோடு.)
- வேலையில் வந்து கிடக்கும் வடிகட்டிப் பெட்டிகளைப் பிரித்து அடுக்க
- வால்ட்டரிடம் கேட்க. இன்று. தள்ளிப்போடக் கூடாது.

கேட்டுவிட்டேன்.

பதினொரு மாதமாகப் பிக்கரிங்கில் வால்ட்டரின் திருத்தும் கடையில் உதிரிப்பாகக் கவுண்டர். கோடையில் புல்வெட்டி, மாரியில் பனித்தள்ளியும் பனிமேல் ஓடும் ஸ்னோமொபீலும். வருகிறவர்கள் "இதைப்போல ஒன்று" என்று உடைந்த துண்டைக் காட்டுவார்கள், நான் இலாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். கம்பஸில் பௌதிகம் படித்து முடித்தவள். இங்கே வந்து, மயூ வயிற்றில் இருக்கும்போது இரவு வகுப்பில் சிறு எஞ்சின் பாடம். எண்பத்தெட்டுப் புள்ளி. உள்ளே எஞ்சின் திருத்துகிற கிளெனின் மேசைக்குப் பக்கத்து மேசை கார்த்திகையிலிருந்து வெறுமை. அதைத்தான் கேட்டேன்.

வால்ட்டரின் பேச்சை என் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அவர்மேல் பயம் குறைகிறது.

"நாலு பேர் கேட்டிருக்கினம், பவானி."

"நான் அஞ்சாவது ஆளா இருக்கட்டும்."

தலையைச் சொறிந்தார். மூலையில் நின்ற வண்டியைக் காட்டினார். "ஹெலனின்ரை ஸ்னோமொபீல். ரெண்டு கடை பாத்துக் கைவிட்டது. சனி பத்து மணிக்கு வாறா. சரியா ஓடினால் மேசை உம்மடை. ஓடாட்டில் இந்தக் கதை அடுத்த மாரி வரைக்கும் வேண்டாம்."

கிளென் உள்ளேயிருந்து: "அப்ப கவுண்டரை ஆர் பாக்கிறது? நானோ? சனம் கடைக்கு வராமல் விட்டிடும்."

வண்டியோடு கட்டியிருந்த அட்டை: ஹெலன் குதிரை வளர்ப்பவர். வயலுக்கு அப்பால் நிற்கும் குதிரைகளுக்கு வைக்கோலைச் சறுக்குப் பலகையில் ஏற்றி இந்த வண்டியால் இழுக்கிறார். கைபிடியில் இருக்கும் வேக அமுக்கியைப் பெருவிரலால் அமுக்கினால் வண்டி அசையாது. இன்னும் அமுக்க, உதைத்தது போலப் பாய்கிறது. பலகை இரண்டு தரம் கவிழ்ந்தது. ஒரு தரம் அவரே விழுந்து வலது தோளில் அடி.

கொப்பியில் எழுதினால்தான் எனக்கு மண்டையில் ஏறும். எழுதுகிறேன். ஸ்னோமொபீல் கிளச் என்பது இரண்டு சாய்தட்டு, நடுவே பெல்ட். ஒரு தட்டு அசையாது. மற்றது தண்டின்மேல் சறுக்கி வந்து பெல்ட்டை நெரிக்கும். அதைத் தள்ளுவது மூன்று சின்ன எடைத்துண்டு: எஞ்சின் சுற்றச் சுற்ற அவை வெளியே வீசி எழும்பும். வரவிடாமல் பிடித்து நிற்பது ஒரு ஸ்பிரிங். எடைகள் ஸ்பிரிங்கை வெல்லும் அந்த நேரம்தான் பெல்ட் பிடிக்கும், வண்டி புறப்படும். இந்த வண்டிக்கு, புத்தகப்படி, நிமிடத்துக்கு 3800 சுற்றில் பிடிக்க வேண்டும். இருநூறு கூடக் குறைய விடலாம்.

அவ்வளவுதான். வெறும் விசைதான். எனக்குத் தெரிந்த விசயம்தான்.

மயூ இரவுச் சாப்பாடு பாதி. நான் மூன்று தரம் எழும்பி மூச்சுப் பார்த்தாயிற்று.


4, செவ்வாய்

-14. வெயில், ஆனால் வேலை செய்யாத வெயில்.

காலையில் கிளச்சைக் கழற்றாமலே முன்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பார்த்தேன். சிவப்புப் பூச்சு. புத்தகம் பச்சை என்கிறது. சிவப்பு அதைவிட விறைப்பு. எந்தக் கடையோ மாற்றிப் போட்டிருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங் என்றால் எடைகள் வெல்ல நேரமாகும், பிந்திப் பிடிக்கும், பிடிக்கும்போது பாயும். நேரான கணக்கு. பச்சை எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்: மூன்றாம் இலாச்சி, பின்வரிசை.

மாட்டினேன். பின்வளவுப் பனியில் வண்டியை விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, சுற்றுமானியைப் பார்த்தபடி மெல்ல மெல்ல அமுக்கினேன். 3800இல் வழுக்கினாற்போலப் புறப்பட்டது. சரியாக 3800.

பதினொன்றரைக்கு வால்ட்டரிடம் "முடிஞ்சுது" என்றேன். புருவத்தை உயர்த்தினார். உடனே ஹெலனுக்கு போன் எடுத்து, சனிக்கிழமை உறுதி என்று சொல்லிவிட்டார். கிளென் ஒரு டோனட்டைப் பாதியாகப் பிய்த்துத் தந்தான். மதியம் முழுக்கக் கவுண்டரில் நின்றபடி உள்ளே அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை எங்கே கொழுவுவது, பக்கத்தில் மயூவின் படம் வைத்தால் எண்ணெய் படுமா என்றெல்லாம் யோசனை.

நாலு மணிக்கு என் வழக்கமான வருத்தம் தொடங்கியது. அடுப்பை நூர்த்தேனா, எரியவிட்டு வந்தேனா என்கிற வருத்தம். ஒரு தரம்தானே பார்த்தாய். ஒரே ஒரு தரம்.

கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். மறுபடி அமுக்கினேன். 4400. பாய்ந்தது, கழுத்து நொந்தது. நிறுத்தி மறுபடி: 3400. மறுபடி: 4250.

ஒருவரும் பார்க்கவில்லை. வண்டியை உள்ளே தள்ளிவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஐந்து மணிக்கு "போட்டு வாறன்" என்று வந்துவிட்டேன். வால்ட்டரிடம் சொல்லவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு வாசிப்பை வைத்து முடிவு எழுதினால் கம்பஸில் செயன்முறைக் கொப்பியைத் தூக்கி எறிவார்கள்.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர்:

"அவன் கெட்டிக்காரனடி. ஆனால் ஒண்டையும் ரெண்டாந்தரம் பாக்கமாட்டான்."

"அவன்ரை கலியாணமும் அப்பிடித்தானே."

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் ராணி அன்ரி, "பிள்ளைக்கு மேல் சுடுது போல கிடக்கு" என்றா. வெப்பமானி: 38.1. மறுபடி 37.6. மறுபடி 37.9. மூன்றாவதோடு அன்ரி அதை என் கையிலிருந்து பறித்தா. "நீர் பாக்கப் பாக்கப் பிள்ளை முழிச்சுக்கொண்டு கிடக்குது. விடும்."

காய்ச்சல் மருந்து ஒன்பதுக்குக் கொடுத்தது. இப்போது நல்ல நித்திரை. எனக்கு இல்லை.


5, புதன்

-11. சிறு பனி.

மயூ 37.2. (இரண்டு தரம்தான் பார்த்தேன்.)

கோட்டைக் கழற்ற முன்னம் வால்ட்டரிடம் போனேன். போகாமல் விட்டால் பிறகு போகமாட்டேன் என்று தெரியும்.

"நேற்று முடிஞ்சுதெண்டு சொன்னது பிழை. நாலு தரம் பாத்தன். நாலும் வேறை வேறை."

"எது உண்மை?"

"நாலும் உண்மை."

அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. கிளென் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றுகொண்டான். அவன்தான் கேட்டான்:

"நாலையும் கூட்டிப் பிரிச்சால் எவ்வளவு?"

"மூவாயிரத்துத் தொளாயிரத்து அறுபது, எழுபது."

"புத்தகத்திலை எவ்வளவு விடலாம்?"

"நாலாயிரம் வரைக்கும்."

"அப்ப முடிஞ்சுது. உம்மடை வேலைக்கு நீரே மார்க்கைக் குறைக்கிறதே?"

வால்ட்டரும் தலையாட்டினார். அந்த இடத்தில் ஓம் என்றிருந்தால் மேசை இன்றைக்கே கிடைத்திருக்கும். சத்தியமாக, அரை நிமிடம் வாயில் ஓம் இருந்தது. அட்டையில் அந்தத் தோள் என்ற சொல்லைப் பார்த்தேன்.

"சராசரி சரி. ஆனால் ஹெலன் சராசரியிலை வைக்கோல் இழுக்கிறேல்லை. ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு தரமாத்தான் இழுக்கிறா." ஆங்கிலத்தில் இதைச் சொல்ல இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது. முதல் தரம் குதிரைதான் வண்டியை இழுக்கிறது என்று வந்துவிட்டது.

வால்ட்டர்: "சனி பத்து மணி மாறாது. கவுண்டரும் உம்மடை பொறுப்புத்தான்."

"ஓம்."

கவுண்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உள்ளே ஓடி ஓடி யோசித்தது:

1. ஸ்பிரிங் பிழை என்றால் ஒவ்வொரு தரமும் ஒரே பக்கம்தான் பிழைக்கும். எப்போதும் கூட, அல்லது எப்போதும் குறைய.
2. இது ஒருதரம் கூட, ஒருதரம் குறைய. அப்படியென்றால் எங்கோ சிக்குகிறது. சில தரம் சிக்குகிறது, சில தரம் இல்லை.
3. பெல்ட்? புதிது. அகலம் அளந்தேன், சரி.
4. தண்டு? துடைத்து விரல் நகத்தால் தடவினேன். கீறல் இல்லை.
5. மிச்சம் எடைகள்.

இழுவைத் திருகைப் போட்டு கிளச்சை முழுதாகக் கழற்றினேன். முதல் தரம் தனியே கழற்றுகிறேன். திருகு "டக்" என்று விட்டபோது கிளென் எட்டிப் பார்த்தான். மூன்று எடைத்துண்டையும் துடைத்து வைத்தேன். ஒரே வடிவம், ஒரே கறுப்பு. இரண்டில் இலக்கம் குத்தியிருக்கிறது. மூன்றாவதில் இலக்கம் தெரியவில்லை, பூச்சுக்குள் இருக்கலாம். கடையில் இருப்பது தபால் தராசு. முள்ளு ஐந்து கிராமுக்குக் கீழே பேசாது. மூன்றும் நாற்பது என்றது.

"இன்னும் நுணுக்கமான தராசு வேணும்" என்றேன்.

கிளென்: "கேக் அடிக்கப் போறீரே?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிராமை நூறாகப் பிரித்து நிறுக்கிற தராசு எங்கள் சனத்துக்கு எத்தனையோ இடத்தில் இருக்கிறது. மார்க்கம் றோட்டில் மட்டும் மூன்று நகைக்கடை.

வால்ட்டரிடம் வாடிக்கையாளரின் சாமானைக் கடைக்கு வெளியே கொண்டுபோக அனுமதி. எங்கே என்று கேட்டார். நகைக்கடை என்றேன். இன்னொரு தரம் கேட்டார். நாளை பன்னிரண்டுக்குள் வந்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு சம்மதம்.

இவருக்குச் சொன்னேன். "இரும்பை நிறுக்கவோ? அங்கையோ?" என்று தொழிற்சாலை போனிலேயே சிரித்தார். பிறகு, "காரைக் காலமை ஒன்பதரைக்கு எடுக்கிறன்" என்றார்.


6, வியாழன்

-6. சேறும் பனியும்.

நகைக்கடை திறந்து சற்று நேரத்திலேயே போய்விட்டோம். இவர், மயூ, நான், டிஸ்யூவில் சுற்றிய மூன்று துண்டு. எங்களுக்கு முன்னமே இரண்டு பெண்கள் ஒரு சோடித் தோட்டுக்கு இருபது சோடியைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

கடைக்கார அண்ணை: "என்ன தங்கச்சி, விக்கவோ மாத்தவோ?"

"நிறுக்க மட்டும் அண்ணை."

டிஸ்யூவைப் பிரித்தேன். அந்தப் பெண்களின் தோட்டுப் பேச்சு நின்றது.

"உது என்ன?"

"ஸ்னோமொபீல் கிளச்சுக்குள்ளை இருக்கிறது. ஒண்டு குறையுதோ எண்டு பாக்க வேணும்."

தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருபத்தாறு வருசம் தொழில். இரும்பு நிறுக்க இண்டைக்குத்தான் ஆள் வந்திருக்கு. விடிய முதல் யாவாரம் தங்கச்சி. தட்டிலை முதல் இரும்பு ஏறக்கூடாது."

"அப்ப எப்ப ஏறலாம்?"

"பொன் ஏறினாப் பிறகு."

தோடு பார்க்கும் பெண்களைப் பார்த்தேன். இன்றைக்குள் அவர்கள் எதையும் தராசில் ஏற்றுகிற மாதிரி இல்லை. பத்து முப்பத்தைந்து.

இவர்தான் சொன்னார்: "உம்மடை தோட்டைக் கழட்டும்."

கலியாணத்துக்குப் போட்ட தோடு. பின்பக்கச் சுரை இறுகிவிட்டது. கடைக்கு நடுவே இவர் என் காதைத் திருக, மயூ மற்றக் காதைப் பிடித்துத் தொங்க, அண்ணை கைக்கண்ணாடி நீட்ட, ஒருவாறு கழன்றது. தட்டில் வைத்தேன். "பொன் ஏறீட்டுது. இனிக் கொண்டாரும்" என்று ஒரு துணியை மடித்து விரித்தார்.

41.22
41.19
38.40

மூன்றையும் நான் கேளாமலே மூன்று மூன்று தரம் நிறுத்தார். என்னைப் போன்ற ஒரு மனிதர். அதே எண்கள்தான்.

பிறகு அந்த மூன்றாவதை எடுத்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிப் பார்த்தார். "இதிலை ஆரோ அரம் போட்டிருக்கிறான். உள்பக்கமா. போட்டிட்டு மேலாலை கறுப்புப் பூசி மறைச்சிருக்கு. எங்கடை தொழிலிலை இதுக்குப் பேர் களவு."

கண்ணாடியை எனக்கும் தந்தார். பார்த்தேன். பூச்சுக்குக் கீழே கோடு கோடாக அரம் போன தடம். இலக்கம் இருந்த இடத்தையும் சேர்த்து அராவியிருக்கிறார்கள். யாரோ வேகம் கூட்டிப் பார்க்க ஒன்றை அராவித் தொடங்கி, மற்ற இரண்டையும் அராவாமலே மூடிவிட்டார்கள். குறைவது ஒரு சின்ன மோதிரம் அளவு. மூன்று பேர் தூக்கும் கட்டிலில் ஒருவர் மட்டும் பதித்துத் தூக்கினால் கட்டில் வாசலில் சிக்குமே, அதேதான். தட்டு சரிந்து தண்டில் சிக்குகிறது. எஞ்சின் இன்னும் வேகமெடுக்க, சிக்கு விட்டுப் பாய்கிறது.

காரில், சந்தியின் சிவப்பு வெளிச்சத்துக்கு நின்றபோது, இவர், "நீர் அடுப்பை மூண்டு தரம் பாக்கேக்கை நான் ஏசிறனான். இனி ஏசமாட்டன்" என்றார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கடை. வால்ட்டரிடம் எண்களைக் காட்டினேன். தடத்தையும் காட்டினேன். விசிலடித்தார். புதிய துண்டுக்கு ஓடர் கொடுத்தால் செவ்வாய்தான் வரும். ஆனால் பதினொரு மாதக் கவுண்டர் சும்மா போகவில்லை. பின் கொட்டகையில் எஞ்சின் வெடித்த ஒரு பழைய வண்டி, அதே வகை, கிளச் அப்படியே கிடக்கிறது. அதன் முன்கண்ணாடிக்கு ஆள் வந்தபோது நான்தான் பனியைத் தோண்டி எடுத்துக் கொடுத்தது. போய்க் கழற்றினேன். அதே இலக்கம் குத்திய எடைத்துண்டு. விரல் மரத்து, திருகை இரண்டு தரம் பனிக்குள் விழுத்தி.

இதுவும் 41 தானா என்று பார்க்க மறுபடி மார்க்கம் றோட்டுக்குப் போக முடியாது. நின்று யோசித்தேன். பிறகு ஓர் அடிமட்டத்தை எடுத்து, நடுவை மூன்று மூலை அரத்தின் விளிம்பில் வைத்து, ஒரு முனையில் நல்லதொன்று, மறுமுனையில் இது. அசையாமல் கிடையாக நின்றது. அராவினதை வைத்தேன். உடனே மற்றப் பக்கம் சாய்ந்தது.

எட்டாம் வகுப்புப் பரிசோதனை. மூன்றில் எது குறை என்று புதன்கிழமையே இந்த மேசையில் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, பௌதிகப் பட்டதாரி காதைத் திருகிக்கொண்டு நகைக்கடையில் நின்றிருக்கிறாள். இதை ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அரம் போட்ட தடத்தை அடிமட்டம் காட்டியிராது. அதுவும் உண்மை.

மாலையில் ராணி அன்ரி, மயூவைத் தரும்போது, குரலைத் தாழ்த்தி:

"பிள்ளை, ஏதும் கஷ்டமெண்டால் எனக்குச் சொல்லக்கூடாதோ?"

"என்ன கஷ்டம் அன்ரி?"

"தோட்டைக் கழட்டி நிறுத்தனீராம். அவர் பக்கத்திலை நிண்டே கழட்டினவராம்."

"அது முதல் பொன் ஏறவேணுமெண்டு அன்ரி. நான் நிறுத்தது இரும்பு."

"ஓமோம், இரும்பு." என் கையைத் தட்டிக் கொடுத்தா. ஒரு பெட்டியில் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டித் தந்தா. வாங்கிக்கொண்டேன். நல்ல கறி.


7, வெள்ளி

-8. இரவு நாலு விரல் புதுப்பனி. சோதனைக்கு அருமை.

மயூ 36.9. ஒரு தரம். ஒரே தரம் பார்த்துவிட்டு வெப்பமானியை உறையில் போட்டேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காலை ஏழரைக்கே கடை. மூன்று எடை, பச்சை ஸ்பிரிங், தண்டைத் துடைத்து உலரவிட்டுப் பூட்டினேன். கழற்ற முன்னம் தட்டுகளில் போட்டிருந்த அடையாளக் கோடுகள் நேருக்கு நேர். நடுத்திருகைப் புத்தகம் சொன்ன இறுக்கத்துக்கு அளந்து இறுக்கினேன். கையால் தட்டைத் தள்ளி விட்டுப் பார்த்தேன். நேராக வந்து நேராகப் போனது. செவ்வாய்க்கிழமை இதைத் தள்ளிப் பார்த்திருக்கலாமே.

பின்வளவு. எஞ்சின் சூடு. பெல்ட்டும் சூடாக ஒரு சுற்று. பிறகு ஒவ்வொரு தரமும் முற்றாக நிறுத்தி, பத்து எண்ணி, மெல்ல அமுக்கி:

3800
3850
3800
3800
3750
3800
3800
3850
3800
3800

பத்தாவது முடிய எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன். சுற்றிவர ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் நெடுஞ்சாலை மட்டும்.

பிறகு சறுக்குப் பலகையில் ஆறு மணல் மூட்டை ஏற்றிக் கட்டி ஐந்து தரம். மாறவில்லை. கயிறு மெதுவாக நிமிர்ந்து, இறுகி, பிறகு பலகை நகர்கிறது. முன்னம் என்றால் கயிறு சாட்டை மாதிரி அடித்திருக்கும்.

வால்ட்டர் பின்வாசலில் நின்றிருக்கிறார், எப்போதிருந்து என்று தெரியாது. எண்கள் எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நாளைக்கு ஹெலன் ஓடட்டும்" என்று மட்டும்.

கிளென் பிழை பிடிக்கத்தான் எடுத்துக்கொண்டு போனான். வேலியடி வரைக்கும், வளைந்து, நின்று, புறப்பட்டு, நின்று, புறப்பட்டு. அந்த ஆளும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பனியில் சின்னப்பிள்ளை மாதிரி. வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அந்தத் தராசு எங்கை வாங்கலாம்?"

"விக்கமாட்டினம். நீர் முதல் ஒரு தோடு குத்த வேணும்."

விளங்கவில்லை அவனுக்கு. விளக்கவும் இல்லை நான்.

இவர் ஏழு மணி இடைவேளையில் போன்.

"எவ்வளவு?"

"மூவாயிரத்து எண்ணூறு."

"எத்தினை தரம்?"

"பத்து. மணல் மூட்டையோடை இன்னும் அஞ்சு."

அங்கே யாருக்கோ திரும்பிச் சொல்வது கேட்டது: "பதினைஞ்சு தரமும் சரியாம்." யாருக்கு, எதைப் பற்றி என்று அந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் யாரோ கை தட்டினார்கள்.

பெருமை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கொப்பியை ஒருவரும் பார்ப்பதில்லை. எழுதுகிறேன். பெருமை. நாளை என்ன நடந்தாலும் அந்தப் பத்து எண்களும் என்னுடையவை.

நாளை என்ன நடக்கும்? பெல்ட் கடும் குளிரில் வேறு மாதிரிப் பிடித்தால்? ஹெலன் பெருவிரலை வேகமாக அமுக்கினால்? நடுத்திருகு இறுக்கினேன்தானே. இறுக்கினேன். அளந்து இறுக்கினேன்.


8, சனி

-12. தெளிந்த வானம்.

இவருக்கு லீவு. கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. மயூவோடு காருக்குள், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் பின்வளவு தெரிகிற மாதிரி நிறுத்திக்கொண்டார்.

போனவுடன் நடுத்திருகு பார்த்தேன். இறுக்கம்.

ஹெலன் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஆண்களின் சப்பாத்து, வலது கை கோட்டுக்குள் பட்டியில். ட்ரக்கில் தன்னுடைய சறுக்குப் பலகையும் நாலு கட்டு வைக்கோலும். மற்றவர்களின் மணல் மூட்டையை நம்பாத ஆள். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் வண்டியின் அமுக்கியைப் பார்த்தேன். அது இருப்பது வலப்பக்கம். பட்டியிலிருந்து கையை எடுத்து, முகத்தைச் சுளித்து, பெருவிரலை வைத்தார். செவ்வாய்க்கிழமை 4400இல் என் கழுத்து நொந்ததே, அது இந்தத் தோளில் பட்டால்?

"மெல்ல அமுக்குங்கோ" என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மெல்ல அமுக்கினால்தான் சரி என்றால் அது சரியில்லை.

அமுக்கினார். எஞ்சின் சத்தம் ஏறியது. கயிறு நிமிர்ந்தது. பலகை நகர்ந்தது. வைக்கோல் கட்டுகள் அசையவில்லை.

ஒரு வட்டம். என் முன்னால் வந்து நின்றார். மறுபடி. நின்றார். மறுபடி. நான் எண்ணினேன், எட்டு. ஒரு தரம் வேண்டுமென்றே சடக்கென்று அமுக்கிப் பார்த்தார். வண்டி கெதியாகப் போனது, பாயவில்லை. கடைசித் தரம் இடது கையைக் கைபிடியிலிருந்து விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

எஞ்சினை நிறுத்தி, வால்ட்டரைப் பார்த்து, என் தமிழில்:

"முந்தி இது என்னைக் கேளாமல் போகும். இப்ப சொல்லிப்போட்டுப் போகுது. ஆர் செய்தது?"

கிளென் வாயைத் திறக்க முன்னம் வால்ட்டர் என் பக்கம் தலையை அசைத்தார்.

ஹெலன் என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். கையுறையைக் கழற்றி இடது கையை நீட்டினார். நானும் இடது கையை நீட்டினேன். "ரெண்டு கடை ஸ்பிரிங்கையே மாத்தி மாத்தித் தந்தவை. நீர் என்ன செய்தனீர்?"

"நிறுத்துப் பாத்தன்."

அவ்வளவுதான் வந்தது. அந்த நேரம் ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. காரின் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருக்க, இவர் மயூவின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். குளிர் போகிறது, கண்ணாடியை ஏற்றுங்கோ என்று கையால் காட்டினேன். அதைக் கையசைப்பு என்று நினைத்து இன்னும் ஆட்டினார்.

ஹெலன் போனபிறகு வால்ட்டர் உள்ளே கூப்பிட்டார். அந்த வெறும் மேசையில் ஹெலனின் வேலை அட்டை. கீழே "செய்தவர்" என்று ஒரு கட்டம். கவுண்டரில் இருந்து இத்தனை மாதமும் அந்தக் கட்டத்தில் கிளென், கிளென், கிளென் என்று எழுதி அடுக்கியவள் நான்தான். ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கு அளந்து போட்ட கட்டம்.

"பேரைப் போடும்" என்றார். "திங்களிலிருந்து கவுண்டருக்கு வேறை ஆள் வருது."

முழுப் பெயரையும் எழுதினேன். பவானி சிவநேசன். பாதியிலேயே கட்டம் முடிந்துவிட்டது. நிறுத்தவில்லை, அடுத்த வரிக்குள் கொண்டுபோய் முடித்தேன். வால்ட்டர் அட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தூரப் பிடித்து வாசித்தார். கம்பியில் கொழுவியிருந்த அடுத்த வேலை அட்டையை எடுத்து என் கையில் தந்தார்.